பேக்கர் தெரு மேசைக்கு ஒரு பொன்னாடை

உளவாளிகளுக்கு எல்லாம் கிடைத்தாகிவிட்டது. சிலை வைத்தார்கள், தபால்தலை போட்டார்கள், பதக்கம் கொடுத்தார்கள், சினிமா எடுத்தார்கள். பெரும்பாலும் செத்த பிறகு என்பது வேறு விஷயம். ஆனால் அவர்களை விமானத்தில் ஏற்றி எதிரியின் மடியில் கொண்டுபோய் இறக்கிய மேசைக்கு இதுவரை யாரும் ஒரு முழம் பூ வாங்கிப் போட்டதில்லை. யுத்தத்தில் உளவின் பங்கு என்று எழுத உட்காருகிற எல்லோரும் களத்துக்குப் போனவர்களையே கொண்டாடுகிறார்கள். தேநீர் ஆறுவதற்குள் ஒரு ஆளைச் சாகக் கொடுத்துவிட்டு, கோப்பில் ‘நடவடிக்கை முடிந்தது’ என்று எழுதத் தெரிந்த திறமையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இந்த ஓரவஞ்சனை எனக்குப் பொறுக்கவில்லை. கையோடு பொன்னாடை கொண்டுவந்திருக்கிறேன்.

விழா நாயகரின் முகவரி: லண்டன், பேக்கர் தெரு, 64ஆம் எண். 1940 ஜூலையில் ஐரோப்பாவைப் பற்றவைக்கச் சொல்லி சர்ச்சில் உத்தரவு போட, அதற்காகப் பிறந்த ரகசிய நிறுவனம் ஸ்பெஷல் ஆபரேஷன்ஸ் எக்ஸிக்யூட்டிவ், சுருக்கமாக எஸ்.ஓ.இ. ஹிட்லர் பிடித்த நாடுகளுக்குள் ஆட்களை பாராசூட்டில் இறக்குவது, ஆயுதம் கொடுப்பது, பாலங்களைத் தகர்ப்பது அதன் வேலை. வெளியாரிடம் சொல்லிக்கொண்ட பெயர் ‘முப்படை ஆராய்ச்சி அலுவலகம்’. ஆராய்ச்சிக்கும் அந்தக் கட்டடத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு அந்தப் பெயர்தான். ஷெர்லாக் ஹோம்ஸ் குடியிருந்ததாகக் கதை சொல்லும் அதே தெரு. அவர் சிகரெட் சாம்பலைப் பார்த்தே கொலைகாரனைக் கண்டுபிடிப்பார். இவர்களுக்குச் செத்தவனே தந்தி அடித்துச் சொன்னாலும் விளங்காது.

தந்தி என்றதும் ஒரு சின்ன விதியைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இத்தனை உயிரும் அந்த விதியில்தான் போயிற்று. எதிரி நாட்டில் ஒளிந்திருந்து லண்டனுக்கு ரேடியோவில் செய்தி அனுப்புகிறவனுக்கு ஒரு ரகசிய அடையாளம் சொல்லிக் கொடுப்பார்கள். செய்தியில் குறிப்பிட்ட இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை விட வேண்டும். பிழை இருந்தால் ஆள் பத்திரம். பிழை இல்லாமல் செய்தி சுத்தமாக வந்தால், அவன் தலையில் யாரோ துப்பாக்கியை வைத்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட ஒரு தடவை சொன்னால் போதும். இந்த விதியை வகுத்ததே அந்த மேசைதான். வகுத்ததை மறப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும் அல்லவா?

ஹியூபர்ட் லௌவர்ஸ் என்ற டச்சு ரேடியோக்காரர் 1941 நவம்பரில் நெதர்லாந்தில் இறங்கினார். அவருடைய அடையாளம், பதினாறாவது எழுத்தில் ஒரு பிழை. 1942 மார்ச் 6 அன்று ஹேக் நகரத்தில் ஜெர்மானியர் அவரை ரேடியோவோடு பிடித்தார்கள். பிடித்தவர் ஜெர்மன் ராணுவ உளவுத்துறையின் மேஜர் ஹெர்மன் கீஸ்கஸ். இதற்குக் கொஞ்ச நாள் முன்னால், இங்கிலாந்திலிருந்து ஆயுதம் வரப்போகிறது என்று ஒரு துப்பாள் வந்து சொன்னபோது, இந்தக் கதையை வடதுருவத்தில் போய்ச் சொல் என்று விரட்டியவர் கீஸ்கஸ். கதை நிஜமென்று தெரிந்ததும் தன் திட்டத்துக்கே ‘வடதுருவம்’ என்று பெயர் வைத்தார். கவனியுங்கள்: எதிரி அலுவலகத்தில்கூட, வந்த செய்தியை முதலில் நம்பாமல் இருக்கிற பழக்கம் இருந்தது.

எதுவும் நடக்காதது மாதிரியே லண்டனுக்குச் செய்தி அனுப்பு என்றார்கள் ஜெர்மானியர். லௌவர்ஸ் ஒப்புக்கொண்டார். பிழை இல்லாமல் அனுப்பினால் லண்டன் புரிந்துகொள்ளும் என்ற தைரியத்தில் ஒப்புக்கொண்டார். செய்தி போயிற்று, பிழையில்லாமல். லண்டன் பதில் அனுப்பியது: அடுத்த ஆள் வருகிறார், வரவேற்க ஏற்பாடு செய்யவும்.

லௌவர்ஸ் விடவில்லை. திரும்பத் திரும்பப் பிழையில்லாமல் அனுப்பினார். ‘பிடிபட்டேன்’ என்ற ஆங்கிலச் சொல்லையே செய்திகளுக்குள் செருகிப் பார்த்ததாகப் போருக்குப் பின் சொன்னார். அடையாளம் இல்லை என்பதைச் செய்தியைப் பிரித்துப் படித்தவர்கள் தாளிலேயே குறித்தும் வைத்தார்கள். அந்தத் தாள் மேசைக்குப் போயிற்று. மேசை படித்தது. படித்துவிட்டு அடுக்கி வைத்தது. இந்த இடத்தில்தான் பொன்னாடையின் முதல் மடிப்பு.

அந்த மார்ச் கடைசியிலேயே அடுத்தவர் இறங்கினார். வயலில் விளக்கைக் காட்டி, ஜெர்மானியர் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர்களைப் போல நின்றிருந்தார்கள். டச்சுக்காரர்களைக் கொண்டே கைகுலுக்க வைத்து, தோளைத் தட்டி, பயணக் களைப்பு தீர நாலு வார்த்தை பேசி, அப்புறம்தான் விலங்கு மாட்டினார்கள். பின்னால் வந்தவர்களிடம் ரேடியோக்களும் இருந்தன. அவற்றையும் ஜெர்மானியரே இயக்கினார்கள். அவற்றை நம்பி இன்னொருவர். அவர் ரேடியோவை நம்பி இன்னும் இரண்டு பேர். 1942 மார்ச்சில் தொடங்கி 1943 முழுக்க இதே கதை. பத்துக்கும் மேற்பட்ட ரேடியோக்களில் ஜெர்மானியர் லண்டனோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்கள். நெதர்லாந்தின் தலைமறைவுப் படையையே கட்டி எழுப்புவதற்காக லண்டன் அனுப்பிய தலைவர் யம்ப்ரூஸ்கூட 1942 ஜூனில் நேராக அந்தக் கைகளில்தான் வந்து விழுந்தார். அவர் கட்டாத படையை அவர் பெயரில் கீஸ்கஸ் தாளிலேயே கட்டினார். பிறகு அந்தப் படைக்கு உடுப்பு, பூட்ஸ், சைக்கிள் டயர், புகையிலை, தேயிலை என்று பட்டியல் போட்டுக் கேட்டார். ரேஷன் கடையில்கூட நமக்கு இவ்வளவு சுருக்காகக் கிடைத்ததில்லை. சுமார் 3,000 ஸ்டென் துப்பாக்கி, சுமார் 15 டன் வெடிமருந்து, அரை மில்லியன் தோட்டா என்று கீஸ்கஸ் பிற்பாடு கணக்குச் சொன்னார். எல்லாம் பிரிட்டிஷ் வரிப்பணம், ஜெர்மன் கிடங்கு.

சும்மா சாமான் வாங்கிக்கொண்டே இருந்தால் லண்டனுக்குச் சந்தேகம் வருமே என்று பாவம் கீஸ்கஸுக்குத்தான் கவலை. லண்டனுக்கு அந்தக் கவலை இல்லை. கோட்வைக் என்ற இடத்து ரேடியோ நிலையத்தைத் தகர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. தாக்குதல் நடந்தது, கண்ணிவெடியில் சிக்கித் தோற்றது என்று கீஸ்கஸ் கதை கட்டி, டச்சுப் பத்திரிகைகளிலும் செய்தி வரச் செய்தார். லண்டன் பாராட்டித் தந்தி அடித்தது. தலைமை தாங்கிய வீரருக்குப் பதக்கம் என்றும் சொன்னதாம். அந்த வீரர் தாகோனிஸ் அப்போது சிறைக்குள் இருந்தார். இன்னொரு முறை ரோட்டர்டாமில் பழைய விமான உதிரிகளை ஏற்றிய படகு ஒன்றை ஜெர்மானியர் தங்கள் கையாலேயே வெடிக்க வைத்தார்கள், பேக்கர் தெருவின் மனம் குளிர. தன் எஜமானுக்காக எந்த ஜெர்மானியனும் இப்படி உழைத்திருக்க மாட்டான்.

யாருமே கவனிக்கவில்லையா? ஒருவர் கவனித்தார். லியோ மார்க்ஸ். இருபது வயதைத் தாண்டி ஓரிரு வருடம்தான் ஆன பையன். புத்தகக் கடைக்காரர் மகன். சங்கேத எழுத்துப் பிரிவில் வேலை. மற்ற நாடுகளிலிருந்து வரும் செய்திகளில் பிழை மலிந்திருக்கும். பரணில் ஒளிந்துகொண்டு, தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்கக் கேட்க எழுதுகிறவனுக்குப் பிழை வராமல் இருக்குமா? ஆனால் டச்சுச் செய்திகளில் மட்டும் ஒரு பிழைகூட இல்லை. நாற்காலி, மேசை, நல்ல வெளிச்சம், அவசரமில்லாத காலைப்பொழுது இருந்தால்தான் இப்படி எழுத முடியும் என்று அந்தப் பையனுக்குப் பட்டது. மேலே எழுதிக் கொடுத்தார். மேலே என்பது எவ்வளவு உயரம் என்பதை நம் ஊர் தாலுக்கா ஆபீஸில் மனுக் கொடுத்தவர்கள் அறிவார்கள். மனு ஏறும். இறங்காது.

பிரான்ஸ் பிரிவு இதைவிட மேல் என்று யாராவது நினைத்தால், அந்த மேசைக்கும் ஒரு ஆடை வைத்திருக்கிறேன். அதன் தலைவர் கர்னல் மாரிஸ் பக்மாஸ்டர். போருக்கு முன் பிரான்சில் ஃபோர்டு கார் கம்பெனி மேலாளர். 1943 ஜூன் கடைசியில் பாரிசில் அவருடைய ஆகப் பெரிய வலைப்பின்னல் ஒரே வாரத்தில் பிடிபட்டது. ரேடியோக்காரர் கில்பர்ட் நார்மனை நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ செய்தி அனுப்பச் சொன்னது. நார்மனுக்கு அடையாளம் இரண்டு. ஒன்று எதிரியிடம் ‘உண்மை’ என்று ஒப்புக்கொண்டு ஏமாற்ற. மற்றது நிஜமானது. நார்மன் நிஜமானதை விட்டுவிட்டு அனுப்பினார். ஒரு கைதிக்கு மிச்சமிருந்த ஒரே ஆயுதம் அது.

லண்டனிலிருந்து பதில் வந்தது. இரண்டாவது அடையாளத்தை மறந்துவிட்டீர்கள், இனிமேல் கவனமாக இருங்கள்.

மெமோ! எதிரியின் கைக்குள் இருப்பவனுக்கு, எதிரி படிக்கும்படி, மெமோ! இரண்டாவது அடையாளம் என்று ஒன்று இருப்பதே அதுவரை கெஸ்டபோவுக்குத் தெரியாது. நார்மன் மறைத்து வைத்ததை பக்மாஸ்டரின் அலுவலகம் செலவில்லாமல் அனுப்பிவைத்தது. துரோகி ஒருவன் இருந்து காட்டிக் கொடுத்திருந்தால்கூடக் கொஞ்சம் கூலி கேட்டிருப்பான்.

அந்த ஜூன் மாதம்தான் நூர் இனாயத் கான் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தார். திப்பு சுல்தான் வழிவந்த பெண். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவைக் கொன்று, பிள்ளைகளை நம் வேலூர்க் கோட்டையில் அடைத்து வைத்த சாம்ராஜ்யத்துக்காக, குழந்தைகளுக்குப் புத்த ஜாதகக் கதை எழுதிக்கொண்டிருந்த இந்தப் பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். பயிற்சி அதிகாரி ஒருவர், இவருக்கு மூளைச் சுமை அதிகமில்லை, இந்த வேலைக்குப் பொருந்துவாரா என்பதே சந்தேகம் என்று அறிக்கை எழுதியிருந்தார். அதன் ஓரத்தில் பக்மாஸ்டர் தன் கைப்பட எழுதினார்: மூளைச் சுமை உள்ளவர்கள் நமக்குத் தேவையில்லை.

அந்தக் குறிப்பை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தன் அலுவலகத்தைப் பற்றி அந்த மனிதர் எழுதியதிலேயே உண்மையான வாக்கியம் அதுதான்.

மூளைச் சுமை இல்லாதவர் என்று சொல்லப்பட்ட பெண், சுற்றியிருந்த எல்லோரும் பிடிபட்ட பிறகும், திரும்பி வரலாம் என்று சொன்ன பிறகும் மறுத்து, பாரிசில் வீடு வீடாக ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடி அக்டோபர் வரை செய்தி அனுப்பினார். காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். நூர் ஆபத்தில் என்ற எச்சரிக்கை சோனியா ஒல்ஷனெட்ஸ்கி என்ற பெண் மூலமாக, ஸ்விட்சர்லாந்து வழியாக லண்டனுக்கு வந்து சேர்ந்தது. யார் இந்தச் சோனியா, நம் பட்டியலில் இல்லையே என்றது மேசை. பிரான்சிலேயே சேர்க்கப்பட்டவர் என்பதால் லண்டன் கோப்பில் அவருக்குத் தாள் இல்லை. தாள் இல்லாதவள் சொல்லும் உண்மைக்கு எண் கிடையாது, எண் இல்லாததைப் பதிவுசெய்ய முடியாது. நூரின் ரேடியோவில் ஜெர்மானியர் பேசிக்கொண்டேயிருந்தார்கள். லண்டனும் பேசிக்கொண்டேயிருந்தது. சோனியாவும் பிறகு பிடிபட்டு, 1944 ஜூலையில் நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்டார். போர் முடிந்து விசாரித்த லண்டன் அதிகாரி அங்கே கொல்லப்பட்டவர் நூர்தான் என்று முதலில் முடிவு கட்டினார். உயிரோடு சொன்னபோது யாரென்று தெரியவில்லை. செத்தபோதும் தெரியவில்லை.

நூரின் பெயரில் ஜெர்மானியர் ஏற்பாடு செய்த வரவேற்புக்கு 1944 பிப்ரவரி கடைசியில் மதலேன் தமர்மான் என்ற இளம்பெண் வேறு இருவரோடு பாராசூட்டில் இறங்கினார். தரையைத் தொட்டதும் பிடித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் நான்கு பெண்களைச் சுட்டார்கள். அவர்களில் ஒருவர் நூர், அதற்கு முன் மாதக்கணக்கில் கைகால்களில் சங்கிலியோடு ஜெர்மன் சிறையொன்றில் கிடந்தவர். இன்னொருவர் தமர்மான். அந்த இருவரையும் அங்கே சேர்த்து வைத்தது கெஸ்டபோ மட்டும்தானா? இதற்கிடையே, பிடிபட்டவர்கள் வீட்டுக்கு லண்டனிலிருந்து ‘உங்கள் பிள்ளை நலம்’ என்று கடிதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு கோப்பு மட்டும் தாமதமானதே இல்லை.

டச்சுக்காரர்களுக்கு என்ன ஆயிற்று? 1944 செப்டம்பர் முதல் வாரத்தில், பெரும்பாலும் டச்சுக்காரர்களான 47 பேரை ஆஸ்திரியாவின் மவுத்தாசன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு கல்குவாரி, 186 படிகள். செப்டம்பர் 6, 7 ஆகிய இரண்டு நாட்களில் பாரம் சுமந்து அந்தப் படிகளில் ஏறவைத்துக் கொன்று தீர்த்தார்கள். விசாரணையில்லாமல் உளவாளியைத் தண்டிக்கக் கூடாது என்று 1907ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம் சொல்கிறது. நாஜிகளிடம் ஒப்பந்தம் பேசி என்ன பயன்? அந்த இரண்டு நாட்களில் முதல் நாளன்று அதே முகாமில் கில்பர்ட் நார்மனையும் கொன்றார்கள். இனிமேல் கவனமாக இருக்கச் சொல்லி மெமோ வாங்கியவர்.

கொன்றவன் நாஜி. அதில் எனக்குக் குழப்பமில்லை. பொன்னாடை அவனுக்கு அல்ல, அவனுக்குத் தூக்கு போதும். அழைத்துவந்து கொடுத்தவனைப் பற்றித்தான் பேச்சு.

இந்தக் கதையைக் கேட்டதும் அறிவாளிகள் சிலர் குரலைத் தாழ்த்துவார்கள். இது தெரியாமல் நடந்ததல்ல, ஜெர்மானியரைத் திசைதிருப்ப லண்டன் தெரிந்தே ஆட்களைப் பலி கொடுத்தது, பெரிய ராஜதந்திரம் என்பார்கள். நெதர்லாந்தில் இன்றைக்கும் இதை நம்புகிறவர்கள் உண்டு. இதைவிடப் பெரிய சலுகையை அந்த அலுவலகத்துக்கு யாரும் தர முடியாது. சதி செய்ய மூளை வேண்டும். அது தேவையில்லை என்று ஓரத்தில் எழுதி வைத்தாயிற்றே. போருக்குப் பின் டச்சு நாடாளுமன்றம் விசாரணைக் குழு வைத்துத் தோண்டியது. துரோகம் எதுவும் இல்லை, பிழைகள்தான் என்று முடிவு சொன்னது. பிழைகள்! ரேடியோக்காரன் பிழை விடாததால் வந்த சாவுக்கு, அலுவலகம் பிழை விட்டது என்று தீர்ப்பு.

செய்திகள் சிதைந்து வரும், அவசரத்தில் அடையாளத்தை மறக்கிறவர்களும் உண்டு, எனவே அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது என்பது மேசையின் வாதம். சரி, ஒரு தடவை மறக்கலாம், இரண்டு தடவை மறக்கலாம். இருபது மாதம், நாடு முழுக்க, எல்லோரும் சேர்ந்தா மறப்பார்கள்? நிஜமான காரணம் சாதாரணமானது. ஆட்கள் பிடிபட்டார்கள் என்று ஒப்புக்கொண்டால் பிரிவை மூட வேண்டும். பிரிவை மூடினால் பதவி போகும். அதே லண்டனில் பழைய உளவுத்துறை இவர்கள் எப்போது விழுவார்கள் என்று காத்திருந்தது. ஆகவே, ஆட்கள் பத்திரமாக இருந்தே ஆக வேண்டும். தாளில் பத்திரமாக இருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததை அறிவித்ததும் ஜெர்மானியர்தான். 1944 ஏப்ரல் 1, முட்டாள்கள் தினம். கீஸ்கஸ் சங்கேதமே இல்லாமல் ஒரு செய்தி அனுப்பினார், டச்சுப் பிரிவின் அதிகாரிகள் பெயரை நிறுவனப் பெயராகப் போட்டு, வியாபாரக் கடித நடையில். இத்தனை காலம் உங்கள் ஏக விநியோகஸ்தர்களாக இருந்த எங்களை விட்டுவிட்டு இப்போது தனியாக வியாபாரம் பார்க்கிறீர்களே, நியாயமா என்று கேட்டார். எப்போது வந்தாலும் முன்பு வந்தவர்களுக்குக் கிடைத்த அதே வரவேற்பு உண்டு என்றும் உறுதி சொன்னார். பேக்கர் தெரு ஆட்களின் ரத்தத்தைத் தொட்டு எழுதிய நகைச்சுவை. ஆனால் அந்த இரண்டு வருடங்களில் லண்டனுக்கு வந்த டச்சுச் செய்திகளில் நேர்மையானது அந்த ஒன்றுதான்.

அதன் பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1946இல் பேக்கர் தெருவில் தீ விபத்து, கோப்புகளில் ஒரு பங்கு எரிந்தது. எஞ்சியவற்றில் நிறைய ‘தேவையில்லை’ என்று களையப்பட்டது. பக்மாஸ்டருக்கு பிரிட்டிஷ் விருது, பிரெஞ்சு விருது. ஃபோர்டு கம்பெனிக்குத் திரும்பினார், நினைவுக் குறிப்புகள் எழுதினார், 1950இல் வந்த ‘ஓடெட்’ என்ற உளவு சினிமாவில் பக்மாஸ்டராக பக்மாஸ்டரே நடித்தார். வேறு யாரைப் போட்டாலும் அவ்வளவு தத்ரூபமாக இருந்திருக்காது. டச்சுப் பிரிவின் தலைவராக இருந்த பிங்ஹாமுக்கு இடமாற்றம் கிடைத்தது, ஆஸ்திரேலியாவுக்கு. நூருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப்பதக்கம் 1949இல் கிடைத்தது. வாங்கிக்கொள்ளத்தான் அவர் இல்லை.

அப்படியானால் இவ்வளவுக்கும் லண்டன் யாரையுமே தண்டிக்கவில்லையா என்று நீங்கள் கோபப்பட வேண்டாம். தண்டித்தது. 1943 ஆகஸ்ட் கடைசியில் ஹாரன் என்ற ஊரில் சிறையாக மாற்றப்பட்டிருந்த குருமடத்திலிருந்து பென் உபிங்க், பீட்டர் தூர்லைன் என்ற இரண்டு டச்சு ஏஜெண்டுகள் தப்பினார்கள். ஒளிந்தும் நடந்தும் ஸ்விட்சர்லாந்து போய், நெதர்லாந்தில் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது முழுக்க ஜெர்மானியரோடுதான் என்று சேதி சொன்னார்கள். அங்கிருந்து ஸ்பெயின் வழியாக 1944 பிப்ரவரியில் லண்டனுக்கே வந்து நேரில் சொன்னார்கள். அதற்குள் கீஸ்கஸ் தன் ரேடியோவில், அந்த இருவரும் கெஸ்டபோ பக்கம் போய்விட்டார்கள், நம்பாதீர்கள் என்று லண்டனை எச்சரித்திருந்தார். எதிரே நின்று பேசுகிற தன் ஆளையா, எதிரியின் ரேடியோவையா, யாரை நம்புவது என்று மேசை யோசித்தது. ரேடியோவை நம்பியது. இந்த விவகாரத்தில் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அடைத்தது உண்மையைச் சொல்ல உயிரோடு வந்து சேர்ந்த அந்த இரண்டு பேரைத்தான்.